பூசணம் நோயாவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கே: மக்கிய வைக்கோலையும் உதிர்ந்த இலையையும் தின்று பிழைக்கும் பூசணங்கள்தான் அதிகம் என்று படித்தேன். அப்படியிருக்க, அவற்றில் சில மட்டும் உயிருள்ள பயிரைத் தாக்கும் நிலைக்கு எப்படி வருகின்றன?

ப: பெயரிடப்பட்ட பூசண இனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் செடிகளுக்கு நோய் தருபவை சில ஆயிரம்தான். உயிருள்ள செடிக்குள் புகுந்து பிழைப்பது அவ்வளவு கடினம்.

பாதிக் கருவிகள் மக்குண்ணிப் பூசணத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன. செடியின் செல்சுவரிலுள்ள செல்லுலோஸையும் பெக்டினையும் கரைக்கும் நொதிகள் இல்லாமல் வைக்கோலை மக்கச் செய்யவே முடியாது. ஆனால் உயிருள்ள செடி சும்மா இருப்பதில்லை. பூசணத்தின் சுவரிலுள்ள கைட்டின் துணுக்குகளை அதன் செல்கள் மோப்பம் பிடித்துவிடும். உடனே செல்சுவரைத் தடிப்பாக்கும், ஹைட்ரஜன் பெராக்சைடைப் பீய்ச்சும், நச்சுப் பொருள்களைச் சுரக்கும். ஆகவே நோயாக மாற வேண்டிய பூசணத்துக்குப் புதிதாக வேண்டியவை இரண்டு: உள்ளே புகும் வழி, புகுந்தபின் செடியின் காவலை ஏய்க்கும் வழி.

புகும் வழிக்கு நெல் குலைநோய்ப் பூசணத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மூன்று அறைகள் கொண்ட அதன் வித்து (காற்றில் பரவும் நுண்ணிய விதைத்துகள்) இலையில் விழுந்ததும் நுனியிலிருந்து பசை கசிந்து ஒட்டிக்கொள்ளும். இலை நனைந்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் முளைக்குழல் வரும். நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் குழலின் நுனி ஒரு குமிழாக வீங்கும். இதற்கு அப்ரசோரியம் என்று பெயர். வித்தின் மூன்று அறைகளும் தம்மைத் தாமே செரித்து, உள்ளிருந்த சத்தையெல்லாம் குமிழுக்கு அனுப்பிவிட்டுச் சாகும். குமிழுக்குள் கிளிசரால் சேரும். சுவரின் உட்புறம் மெலனின் என்ற கருநிறப் பூச்சு படிந்து, கிளிசரால் வெளியே கசியாமல் அடைத்துவிடும். நீர் மட்டும் உள்ளே போகும். அழுத்தம் ஏறி ஏறி சுமார் 80 வளிமண்டல அழுத்தத்தைத் தொடும். கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 40 மடங்கு. குமிழின் அடியிலுள்ள மெல்லிய முளை அந்த அழுத்தத்தில் இலையின் மேல்தோலைக் குத்தித் துளைக்கும்.

குலைநோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்து தடுப்பது இந்த மெலனினைத்தான். மெலனின் இல்லாத குமிழ் அழுத்தத்தைத் தாங்கி வைக்க முடியாமல் தோற்றுப்போகிறது. பூசணம் உள்ளே போனபிறகு அடித்தால் அந்தப் புண்ணில் இந்த மருந்துக்குப் பெரிய வேலை இல்லை. 'மருந்து கேட்கவில்லை' என்ற முறையீடுகள் பலவற்றில் மருந்து சரியாகத்தான் இருந்திருக்கும், அடித்த நாள்தான் பிந்தியிருக்கும்.

ஏய்க்கும் வழிக்கு வருவோம். பூசணம் நூற்றுக்கணக்கான சிறு புரதங்களைச் செடிக்குள் சுரக்கிறது. இவை எஃபெக்டர்கள். ஒன்று கைட்டின் துணுக்குகளைப் பிடித்து மறைக்கும், இன்னொன்று செல்லுக்குள் போய் எச்சரிக்கைச் சங்கிலியை அறுக்கும். மக்குண்ணிகளிடமும் சுரப்புப் புரதங்கள் உண்டு. அவற்றில் சில படியெடுப்பில் இரட்டிப்பாகி, ஒரு பிரதி பழைய வேலையைச் செய்ய, மற்றது மாறி மாறிப் புதிய வேலைக்குப் பொருந்துகிறது. இந்த மரபணுக்கள் பெரும்பாலும் குரோமோசோமின் ஓரங்களிலும், தாவும் மரபுத் துண்டுகள் நெருக்கமாகக் கிடக்கும் பகுதிகளிலும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே உடைவும் இடமாற்றமும் அதிகம். பூசணத்தின் அன்றாட வாழ்க்கைக்கான மரபணுக்கள் அமைதியான பகுதியில் பத்திரமாக இருக்க, எஃபெக்டர்கள் மட்டும் வேகமாக மாறிக்கொண்டிருக்கும்.

இழப்பும் இந்தப் பயணத்தில் சேர்ந்ததுதான். தானியங்களின் சாம்பல்நோய்ப் பூசணம், மண்ணிலுள்ள நைட்ரேட்டைத் தானே பயன்படுத்தத் தேவையான மரபணுக்களைத் தொலைத்துவிட்டது. செடியே சமைத்துக் கொடுக்கும்போது அடுப்பு எதற்கு? ஆனால் அதற்குப்பின் உயிருள்ள இலையை விட்டு அதனால் வெளியே வாழ முடியாது. ஆய்வகத் தட்டில் அதை வளர்க்க முடியாததும் இதனால்தான்.

கே: நோய் எதிர்ப்பு உள்ளது என்று சொல்லி வெளியிட்ட ரகம் நான்கே ஆண்டுகளில் நோய்க்கு விழுந்துவிட்டது. ரகம் 'கலந்துவிட்டதா', அல்லது பூசணம் பழகிக்கொண்டதா?

ப: விதைக் கலப்பு சில இடங்களில் உண்மையான காரணம்தான், அதை முதலில் சோதித்து விலக்குங்கள். ஆனால் பெரும்பாலும் ரகம் அப்படியே இருக்கும், பூசணம் மாறியிருக்கும். 'பழகிக்கொண்டது' என்ற சொல் மட்டும் சரியில்லை. எந்தத் தனிப் பூசணமும் பழகுவதில்லை. மாறிப் பிறந்த ஒன்று மட்டும் பிழைத்து, அதன் வம்சம் வயலை நிரப்புகிறது.

1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹரால்ட் ஃப்ளோர் ஆளிச்செடியின் துருநோயை ஆராய்ந்தார். செடியையும் பூசணத்தையும் தனித்தனியே கலப்பு செய்து பார்த்து, செடியின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் நேராகப் பூசணத்தில் ஒரு மரபணு இருப்பதைக் காட்டினார். இதை மரபணுவுக்கு மரபணு என்ற தத்துவமாகப் படிக்கிறோம். இன்றைய விளக்கத்தில், செடியின் எதிர்ப்பு மரபணு ஒரு காவலாளி. பூசணத்தின் குறிப்பிட்ட ஒரு எஃபெக்டரை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறது. கண்டதும் தாக்கப்பட்ட செல் தன்னையே கொன்றுகொண்டு பூசணத்தைப் பட்டினி போடும். இலையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளியாக நாம் காண்பது அதைத்தான்.

பூசணம் இதிலிருந்து தப்பப் புதிய ஆயுதம் எதுவும் வேண்டாம். அந்த ஒரு எஃபெக்டர் கெட்டுப்போனாலே போதும். ஒரு எழுத்து மாறலாம், மரபணு முழுவதுமாக உதிர்ந்துபோகலாம், தாவும் துண்டு ஒன்று நடுவில் வந்து விழலாம். ஒன்றைக் கட்டுவதைவிடக் கெடுப்பது எளிது. எதிர்ப்பு சீக்கிரம் உடைவதன் மூலகாரணம் இதுதான்.

எவ்வளவு எளிது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 × 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் சுமார் 3,33,000 குத்துகள். குலைநோயின் முதிர்ந்த ஒரு புண் ஓர் இரவில் 2,000 முதல் 6,000 வித்துக்கள் தரும். இரண்டு வாரம்வரை தந்துகொண்டிருக்கும். நோய்க்கு இடம்கொடுக்கும் ரகத்தில் குத்துக்கு ஒரு புண், புண்ணுக்கு 3,000 வித்து என்று வைத்தால் ஒரே இரவில் 100 கோடி வித்துக்கள். குறிப்பிட்ட ஒரு மரபணு கெடுவது பத்து லட்சத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டாலும், தினமும் ஆயிரம் வித்துக்கள் அந்த மாற்றத்தோடு பறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மண்ணிலும் நீரிலும் விழுந்து வீணாகும். பக்கத்தில் பல ஆயிரம் ஹெக்டேரில் அதே எதிர்ப்பு ரகம் நின்றால், ஒன்று சரியான இலையில் விழுந்தால் போதும். போட்டிக்கு வேறு பூசணம் இல்லாத வயல் அதற்குக் கிடைத்துவிடும்.

இதில் பழி ரகத்தின் மேலோ உழவர் மேலோ இல்லை. ஒரே எதிர்ப்பு மரபணுவை நம்பிப் பெரும் பரப்பை நிரப்பும் திட்டமிடல்தான் பிழை. அந்தப் பிழைக்கான விலையை உழவர் கொடுக்கிறார் என்பது நெஞ்சை உறுத்துகிறது.

கே: உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகலும் பூசணம்தானே?

ப: இல்லை. 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய ஃபைட்டோஃப்தோரா, ஊமைசீட்ஸ் என்ற தனிக் குலம். பழுப்புப் பாசிகளுக்கு உறவு. அதன் சுவரில் செல்லுலோஸ் உண்டு, கைட்டின் பெயரளவுக்குத்தான். இழையாக வளர்வதும், எஃபெக்டர்களைச் சுரப்பதும், துளைத்துப் புகுவதும் பூசணத்தைப் போலவே இருப்பதால் குழப்பம் வருகிறது. இரண்டு குலங்களும் தனித்தனிப் பாதையில் வந்து ஒரே தொழிலைப் பிடித்திருக்கின்றன. மெட்டலாக்சில் போன்ற மருந்துகள் இதற்குக் கேட்டு, துருநோய்க்குக் கேட்காமல் போவது இந்த வேறுபாட்டால்தான்.

கே: கோதுமைக் குலைநோய் நெல்லிலிருந்து தாவியது என்கிறார்களே, உண்மையா? நெல்லும் கோதுமையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் இடங்களுக்கு இது ஆபத்து ஆகாதா?

ப: பூசணத்தின் இனப்பெயர் ஒன்றுதான். ஆனால் நெல்லைத் தாக்கும் கிளை வேறு, கோதுமையைத் தாக்கும் கிளை வேறு. நெல்லிலிருந்து எடுத்த பூசணம் கோதுமையில் பெருநோயை உண்டாக்குவதில்லை. கோதுமைக் கிளையின் நெருங்கிய உறவு ரைபுல் போன்ற புற்களில் வாழும் கிளைகள்.

இந்த நோய் முதலில் பதிவானது 1985இல், பிரேசிலின் பரானா மாநிலத்தில். அது வந்த வழியை 2017இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. பழைய கோதுமை ரகங்கள் பலவற்றில் ஆர்.டபிள்யூ.டி.3 என்ற காவல் மரபணு இருந்தது. புற்களின் பூசணத்திலுள்ள பி.டபிள்யூ.டி.3 என்ற எஃபெக்டரை அது அடையாளம் கண்டு விரட்டிவந்தது. அந்தக் காவல் மரபணு இல்லாத ரகங்கள் பிரேசிலில் பரவலாகப் பயிரானபோது பூசணத்துக்குக் கதவு திறந்தது. முதலில் காவல் இல்லாத கோதுமையில் ஏறிப் பெருகியது. பெருகிய கூட்டத்தில் அந்த எஃபெக்டர் கெட்டுப்போன வகைகள் தோன்றின. பிறகு காவல் உள்ள ரகங்களும் விழுந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது நடுவிலுள்ள படி. காவல் இல்லாத ரகம் பரவலாக இல்லாதிருந்தால், பூசணத்துக்குக் கோதுமையில் கால்வைக்கவே இடம் கிடைத்திருக்காது. 'இந்த நோய் இந்தப் பயிருக்கு வராது' என்று நாம் நினைக்கும் பல இடங்களில் இப்படி ஒன்றிரண்டு மரபணுக்கள் ஓசையில்லாமல் காவல் நிற்கின்றன. புது ரகம் உருவாக்கும்போது அவை கழன்று விழுந்தால் யாருக்கும் தெரியாது, நோய் வந்தபிறகுதான் தெரியும்.

2016இல் இந்நோய் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேரைத் தாக்கியது. 2018இல் ஜாம்பியாவிலும் கண்டறியப்பட்டது. நெல்–கோதுமைச் சுழற்சியைவிட, நோயுள்ள பகுதியிலிருந்து விதையோ தானியமோ வருவதும், வரப்பிலும் தரிசிலும் நிற்கும் புற்களும்தான் நீங்கள் கவலைப்பட வேண்டியவை. கதிர் வெளிவரும் சமயம் 25–30 டிகிரி வெப்பமும் தொடர் ஈரமும் சேர்ந்தால், காம்பில் தாக்கிய இடத்துக்கு மேலே கதிர் முழுதும் வெளுத்துப் பதராகும். இலையில் பெரிதாக எதுவும் தெரியாமலே கதிர் போய்விடுவதால், இலையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

கே: ஒரு பூசணம் இன்னொன்றிடமிருந்து நோய் உண்டாக்கும் மரபணுவைப் பெற முடியுமா?

ப: முடியும். மூன்று வழிகளுக்கு உறுதியான சான்று இருக்கிறது.

முதலாவது, மரபணு நேராகத் தாவுவது. கோதுமையைத் தாக்கும் பைரனோஃபோரா என்ற பூசணம் டாக்ஸ்-ஏ என்ற நச்சுப் புரதத்தைச் சுரக்கிறது. வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டாகனோஸ்போரா பூசணத்திலும் அதே மரபணு கிட்டத்தட்ட எழுத்து மாறாமல் இருப்பது 2006இல் தெரியவந்தது. எது கொடுத்தது, எது வாங்கியது? ஸ்டாகனோஸ்போராவில் இந்த மரபணு பல வடிவங்களில் இருந்தது, பைரனோஃபோராவில் ஏறக்குறைய ஒரே வடிவம்தான். பல வடிவம் இருக்கும் இடத்தில்தான் மரபணு நெடுநாள் வாழ்ந்திருக்க வேண்டும். எனவே வாங்கியது பைரனோஃபோரா. இரண்டு பூசணங்களும் ஒரே இலையில் புண் போடும் பழக்கமுள்ளவை. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இணையும் வாய்ப்பு அங்கே உண்டு.

இரண்டாவது, குரோமோசோமே மொத்தமாக இடம் மாறுவது. தக்காளி வாடல்நோய் தரும் ஃபுசேரியத்தில், வாழ்வுக்குத் தேவைப்படாத கூடுதல் குரோமோசோம்கள் இருக்கின்றன. நோய்த்திறன் மரபணுக்கள் அவற்றில்தான் குவிந்துள்ளன. நோய் தராத ஒரு ஃபுசேரியத்தையும் நோய் தருவதையும் ஒரே தட்டில் சேர்த்து வளர்த்தபோது, அந்தச் சிறு குரோமோசோம் தராததற்குள் போய்ச் சேர்ந்தது, அதுவரை தீங்கற்றதாக இருந்த பூசணம் தக்காளியை வாட வைத்தது. 2010இல் வெளியான இந்த முடிவு மண்ணைப் பார்க்கும் நம் பார்வையையே மாற்றியது. வேரோரம் வாழும் சாதுவான ஃபுசேரியம் வகைகள் எப்போதும் சாதுவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, கலப்பு. கோதுமையும் ரை என்ற தானியமும் சேர்ந்து மனிதர் உருவாக்கிய பயிர் டிரிட்டிகேல். தொடக்கத்தில் சாம்பல்நோய்க்குத் தாக்குப்பிடித்தது. 2001இல் ஐரோப்பாவில் நோய் கண்டது. ஆராய்ந்தால், கோதுமைச் சாம்பல்நோய்ப் பூசணமும் ரையின் சாம்பல்நோய்ப் பூசணமும் கலந்து பிறந்த பூசணம் அது! பயிரைக் கலந்தோம், அதன் நோயும் அதே வழியில் கலந்தது. பாலினச் சேர்க்கை இல்லாமலும் இது நடக்கும். கோதுமைத் தண்டுத் துருவின் உக்99 வகை 1998இல் உகாண்டாவில் கண்டெடுக்கப்பட்டது. ரையிலிருந்து கோதுமைக்குக் கொண்டுவரப்பட்டு உலகம் முழுதும் நம்பப்பட்ட எஸ்.ஆர்.31 என்ற எதிர்ப்பை அது உடைத்தது. இரண்டு துரு வகைகளின் இழைகள் இணைந்து, முழு உட்கருக்களை மாற்றிக்கொண்டதால் அது உருவானது என்று பின்னர் மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது.

கே: எதிர்ப்பு மரபணுவே நோய்க்கு வழியாகிவிடும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். புரியவில்லை ஐயா.

ப: செல்லைச் சாகடித்து அதைத் தின்னும் பூசணங்களின் விஷயத்தில் அவர் சொன்னது நடக்கும். மேலே சொன்ன காவலாளி, எதிரியைக் கண்டால் செல்லைத் தற்கொலை செய்ய வைக்கிறது அல்லவா? உயிருள்ள செல் தேவைப்படும் துருவுக்கு அது அடி. செத்த செல்லே உணவாக உள்ள பூசணத்துக்கோ அது விருந்து. அத்தகைய பூசணம் காவலாளியை வேண்டுமென்றே உசுப்பிவிடும் நச்சைச் சுரந்தால் போதும்.

1940களில் அமெரிக்காவில் விக்டோரியா என்ற ஓட்ஸ் ரகத்தின் வழி வந்த ரகங்கள் மகுடத் துருவுக்கு எதிர்ப்பாக இருந்ததால் பரவலாகப் பயிராயின. விக்டோரின் என்ற நச்சைச் சுரக்கும், அதுவரை யாரும் பொருட்படுத்தாத ஒரு பூசணம் அந்த ரகங்களை மட்டும் குறிவைத்து அழித்தது. துரு எதிர்ப்பையும் நச்சுக்கு விழும் தன்மையையும் கலப்பின் மூலம் பிரிக்கவே முடியவில்லை.

1970இல் மக்காச்சோளத்துக்கு நேர்ந்தது வேறு வகை, பாடம் அதேதான். கலப்பின விதை உற்பத்தியில் ஆண் பூவைக் கையால் ஒடிக்கும் வேலையை மிச்சப்படுத்த, டெக்சாஸ் ஆண்மலட்டு சைட்டோபிளாசம் (ஆண் பூவில் மகரந்தம் உண்டாகாமல் செய்யும், தாய்வழி வரும் செல்பகுதி) பயன்படுத்தப்பட்டது. அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் அதைக் கொண்டிருந்தது. அதன் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்த யு.ஆர்.எஃப்.13 என்ற புரதத்தை, இலைக்கருகல் பூசணத்தின் டி வகை சுரந்த நச்சு பற்றிக்கொண்டு சவ்வை ஓட்டையாக்கியது. அந்த ஓராண்டில் நாட்டின் மக்காச்சோளத்தில் சுமார் 15 சதவீதம் போயிற்று. பிறகு சாதாரண சைட்டோபிளாசத்துக்குத் திரும்பினார்கள். டி வகையின் கொட்டமும் அடங்கியது.

ஆகவே இத்தகைய நோய்களில் எதிர்ப்பைச் சேர்ப்பதைவிட, நச்சு பற்றிக்கொள்ளும் மரபணுவை நீக்குவதே மருந்து. டாக்ஸ்-ஏ நச்சுக்கு விழும் டி.எஸ்.என்.1 மரபணுவைக் கோதுமையிலிருந்து அகற்றுவது அப்படித்தான். சுத்திகரித்த நச்சை ஊசியில்லாத சிரிஞ்சால் இலைக்குள் செலுத்தி, சில நாளில் கருகும் செடிகளைக் கழித்துவிடலாம், பூசணமே தேவையில்லை.

கே: மருந்தைக் குறைந்த அளவில் அடிப்பதால்தான் பூசணம் வீரியமாகிறதா?

ப: மருந்துக்குத் தப்பும் திறன் வேறு, நோய் உண்டாக்கும் திறன் வேறு. இரண்டையும் 'வீரியம்' என்ற ஒரே சொல்லில் போடுவதால் முடிவெடுப்பதில் தவறு வருகிறது. மருந்துக்குத் தப்பும் பூசணம் எதிர்ப்பு ரகத்தைத் தாக்கும் என்று பொருளில்லை.

அளவு பற்றிய கேள்விக்கு, மருந்தைப் பொறுத்துப் பதில் மாறும். ஸ்ட்ரோபிலூரின் வகையில் (அசாக்ஸிஸ்ட்ரோபின், பைராக்ளோஸ்ட்ரோபின், ட்ரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின்) மருந்து குறிவைக்கும் சைட்டோக்ரோம்-பி என்ற புரதத்தின் 143ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் அலனின் வந்தால், மருந்து கிட்டத்தட்ட முழுதும் தோற்றுவிடும். அங்கே இருமடங்கு அடித்தாலும் பயனில்லை. இந்த வகை ஐரோப்பாவில் 1996இல் அறிமுகமாகி, 1998லேயே வடக்கு ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல்நோய் அதற்குத் தப்பிவிட்டது. டிரையசோல் வகையில் நிலை வேறு. அங்கே திறன் படிப்படியாகக் குறையும். சிறு சிறு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேரும். குறை அளவு அந்தச் சிறு மாற்றங்களைப் பிழைக்க விட்டுவிடுவதால், டிரையசோலில் முழு அளவே நல்லது.

மருந்துப் பெட்டியிலுள்ள குழு எண்ணைப் பாருங்கள், பூசணத்தை மருந்து தாக்கும் விதத்தைக் குறிக்கும் எண் அது. ஸ்ட்ரோபிலூரின் 11, டிரையசோல் 3, எஸ்.டி.எச்.ஐ. வகை 7. இரண்டு வணிகப் பெயர்களை மாற்றி மாற்றி அடித்தாலும் எண் ஒன்றே என்றால் மாற்றவே இல்லை என்று பொருள். மான்கோசெப், தாமிர மருந்துகள் போன்றவை பல இடங்களில் தாக்குபவை, அவற்றுக்குத் தப்ப ஒரு மாற்றம் போதாது. ஓரிடத் தாக்கு மருந்தோடு இவற்றைச் சேர்த்து, நோய் பரவும் முன்பே அடிப்பதும், ஒரே குழுவை ஒரு பருவத்தில் ஓரிரு முறைக்கு மேல் தொடாதிருப்பதும்தான் காலத்தை நீட்டும். வித்துக்கள் கோடிக்கணக்கில் வந்தபிறகு அடிப்பது, மேலே போட்ட கணக்கின்படி, தப்பும் வித்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலைதான்.

கே: தாவர நோயியல் முதுகலை மாணவி நான். குலைநோய்ப் பூசணத்தைப் பிரித்தெடுத்து ஓராண்டாக வளர்க்கிறேன். இப்போது நோயே உண்டாக்கவில்லை. நோய்த்திறனை இழந்துவிட்டதா, என் சோதனையில் பிழையா?

ப: இரண்டும் இருக்கலாம். முதலில் சோதனையைச் சந்தேகியுங்கள்.

ஓட்ஸ் அகாரில் 8–10 நாள் வளர்த்து, மேலே பஞ்சுபோல் நிற்கும் இழையைக் கிருமிநீக்கிய நீரும் மென்தூரிகையும் கொண்டு வழித்துவிடுங்கள். தட்டை லேசாகத் திறந்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மூன்று நாள் வைத்தால் வித்து கட்டும். வழிக்காமல் விட்டால் இழைதான் மிஞ்சும், வித்து இராது. பலர் தடுமாறுவது இங்கேதான். வித்துக்களை 0.02 சதவீத ட்வீன்-20 (சோப்பு போன்ற ஒரு பொருள்) கலந்த நீரில் கரைத்து, இரண்டடுக்கு மஸ்லினில் வடிகட்டி, மி.லி.க்கு ஒரு லட்சம் என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஹீமோசைட்டோமீட்டரின் (வித்து எண்ணும் கட்டமிட்ட கண்ணாடித் தகடு) 1 ச.மி.மீ. கட்டத்தில் சராசரி 10 வித்து இருந்தால் அதுதான் அளவு. ட்வீனைக் கூட்டினால் முளைப்பு கெடும்.

மூன்று–நான்கு இலை நாற்றில் அடியுங்கள். முதிர்ந்த இலை தானாகவே தாங்கிக்கொள்ளும், அதில் நோய் வராதது எதையும் நிரூபிக்காது. இலையில் பனிபோலப் படிய வேண்டும், சொட்டக் கூடாது. பிறகு 24 மணி நேரம் இருட்டில், 25–26 டிகிரியில், காற்றீரம் நிறைந்த பெட்டியில் வையுங்கள். குளிர்சாதனக் காற்று பட்டு இலை பாதி இரவில் உலர்ந்தால், குமிழ் அழுத்தம் ஏறும் முன்பே கதை முடிந்துவிடும். ஏழாம் நாள் மதிப்பிடுங்கள். ஊசிமுனைப் பழுப்புப் புள்ளி எதிர்ப்பைக் குறிக்கும், நடுவில் சாம்பல் நிறமுள்ள கண்வடிவப் புண் நோயைக் குறிக்கும். எல்லா வகையும் தாக்கும் லிஜியாங் ஷின்துவான் ஹெய்கு போன்ற ஒரு ரகத்தையும், நீர் மட்டும் தெளித்த நாற்றையும் கூடவே வைக்காமல் எந்த முடிவும் சொல்லாதீர்கள்.

தாக்குப்பிடிக்காத அந்த ரகத்திலும் புண் வரவில்லை என்றால், வித்தை நேராகப் பாருங்கள். நீர் ஒட்டாத பிளாஸ்டிக் மூடித் தகட்டில் 50 மைக்ரோலிட்டர் துளி வைத்து ஈரப்பெட்டியில் மூடுங்கள். எட்டு மணி நேரத்தில் முளைக்குழல் நுனியில் உருண்டைக் குமிழும், மறுநாள் அதில் கருநிறமும் தெரிய வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் வைத்தால் நீர் பரவி, நல்ல பூசணமும் குமிழ் கட்டாமல் ஏமாற்றும். முளைக்கவில்லை என்றால் வித்து பழையது. குமிழ் நிறமில்லாமல் வெளிறி இருந்தால் மெலனின் பாதையில் மாற்றம் நடந்துவிட்டது. தட்டில் பூசணத்தின் பகுதிகள் வெளிறியோ ஆரஞ்சாகவோ தெரிந்தால் அதுவும் அதே அறிகுறி.

தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும்போது உண்மையிலேயே திறன் குறையும். அங்கே செடி இல்லை. வேகமாக இழை வளர்க்கும் வகைதான் வெல்லும், எஃபெக்டர் கெட்டாலும் குமிழ் கெட்டாலும் அதற்கு நட்டமில்லை. இயற்கைத் தேர்வு உங்கள் கண்முன்னே, தலைகீழ்த் திசையில் நடக்கிறது. மீட்க, இருக்கும் வித்தைத் தாக்குப்பிடிக்காத நாற்றில் அடித்து, வரும் ஒன்றிரண்டு புண்ணிலிருந்து திரும்பப் பிரித்தெடுங்கள். புண்ணை ஓர் இரவு ஈரத்தில் வைத்து, மெல்லிய கண்ணாடி ஊசியால் வித்தைத் தொட்டு 2 சதவீத வெற்று அகாரில் பரப்பி, முளைத்த ஒற்றை வித்தை மட்டும் எடுங்கள். ஒற்றை வித்து இல்லையென்றால் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் சந்தேகத்துக்குரியவை. அடுத்த முறை, முதல் வாரத்திலேயே கிருமிநீக்கிய வடிதாள் துண்டுகளின் மேல் வளரவிட்டு, நன்றாக உலர்த்தி, −20 டிகிரியில் சேமித்துவிடுங்கள்.

கே: அப்படியானால் நீடிக்கும் எதிர்ப்பு என்று ஒன்று உண்டா?

ப: உண்டு. பூசணத்தை அடையாளம் காண்பதை நம்பாமல், பூசணத்துக்குத் தேவையான ஒன்றை எடுத்துவிடும் எதிர்ப்பு நீடிக்கிறது. பார்லியின் எம்.எல்.ஓ. மரபணு கெட்டுப்போன செடிகளில் சாம்பல்நோய் புகவே முடிவதில்லை. 1970களின் இறுதியில் வயலுக்கு வந்த இந்த எதிர்ப்பு பல பத்தாண்டுகள் நின்றது. பூசணம் இதில் வெல்ல எதையும் கெடுத்தால் போதாது, புதிதாக ஒரு வழி கட்ட வேண்டும். ஆனால் இலையில் தானாகவே புள்ளிகள் விழுவதும், சிறிது விளைச்சல் குறைவதும் இதன் விலை.

காவல் மரபணுக்களையே ஒரே ரகத்தில் அடுக்குவதும் நல்லது. ஒன்று உடைவது பத்து லட்சத்தில் ஒன்று என்றால், இரண்டும் ஒரே வித்தில் உடைவது லட்சம் கோடியில் ஒன்று. ஆனால் அதே மரபணுக்களைத் தனித்தனியே வேறு ரகங்களிலும் வெளியிட்டால் இந்தக் கணக்கு பாழ். பூசணம் ஒவ்வொரு படியாக ஏறிவிடும். பாலினச் சேர்க்கை நடக்கும் இடத்தில் இன்னும் வேகமாக ஏறும். தண்டுத் துருவின் பாலினச் சேர்க்கை பார்பெரிப் புதரில் நடப்பதால்தான் அமெரிக்கா 1918 முதல் அந்தப் புதர்களைத் தேடி அழித்தது.

ரகக் கலவையையும் சொல்லியாக வேண்டும். சீனாவின் யுன்னானில், குலைநோய்க்கு எளிதில் விழும் ஒட்டும் நெல்லை, நோயைத் தாங்கும் கலப்பின நெல் வரிசைகளுக்கு இடையே நட்டார்கள். தனியாக நட்டதைவிட அந்த ஒட்டும் நெல்லில் நோய் 94 சதவீதம் குறைந்ததாகவும், விளைச்சல் 89 சதவீதம் கூடியதாகவும் 2000இல் முடிவு வெளியானது. வித்து பறந்துபோய் விழும் அடுத்த செடி தனக்கு ஏற்றதாக இல்லாமல் போவதுதான் இதன் சூட்சுமம். ஒரே நாளில் அறுவடைக்கு வரும் ரகங்களாகவும், தானியத்தைப் பிரித்தெடுக்க முடிவதாகவும் இருந்தால்தான் நடைமுறைக்கு வரும்.

கே: உடைந்த எதிர்ப்பு மரபணுவைச் சில ஆண்டுகள் ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாமா?

ப: எஃபெக்டர் எப்படிக் கெட்டது என்பதைப் பொறுத்தது. தாவும் துண்டு விழுந்து கெட்டிருந்தால், அது வெளியேறி மரபணு மீளலாம். குலைநோயின் ஏ.வி.ஆர்.-பிட்டா என்ற எஃபெக்டர் வெவ்வேறு குரோமோசோம்களில் காணப்படுகிறது. அது தொலைந்தும் திரும்பக் கிடைத்தும் இடம்மாறி வந்திருக்கிறது. மரபணு முழுதும் உதிர்ந்த வம்சத்தில் அது தானாக முளைக்காது. ஆனால் அந்த எஃபெக்டரால் பூசணத்துக்கு உண்மையான பயன் இருந்தால், காவல் இல்லாத ஆண்டுகளில் அதை இழக்காத வம்சங்கள் மெல்ல மேலே வரும். பயன் சிறிதென்றால் வராது. வாழை வாடல் ஃபுசேரியம் போல, மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும் வித்துள்ள பூசணத்தில் சில ஆண்டு ஒதுக்கல் ஒன்றும் செய்யாது.

எனவே திரும்பக் கொண்டுவரும் முன் வயலைக் கேளுங்கள். குலைநோய்க்கு, ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எதிர்ப்பு மரபணு மட்டும் உள்ள நெல் வரிசைகள் இருக்கின்றன. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானும் சேர்ந்து உருவாக்கிய தொகுப்பில் 24 மரபணுக்களுக்கு 31 வரிசைகள். அவற்றை நோய் தவறாமல் வரும் இடத்தில் நாற்றங்காலாகப் போட்டு, சுற்றிலும் தாக்குப்பிடிக்காத ரகத்தை நட்டு, தொடர்ந்து இரண்டு மூன்று பருவம் மதிப்பிடுங்கள். கண்வடிவப் புண் ஒன்றாவது வந்த வரிசையின் மரபணுவைத் தனியாக வெளியிட வேண்டாம். சுத்தமாக நின்றதையும் இன்னொன்றோடு சேர்த்தே வெளியிடுங்கள்.